குரங்குக்குச் சரியாக வந்த கணக்கு

1. தற்காலிகம்

எனக்குக் கிடைத்த முதல் வேலை, காது கிழிந்த ஒரு பெண் குரங்கைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருப்பது. சம்பளம் உண்டு, ஆர்டர் உண்டு, ஆர்டரில் முத்திரையும் உண்டு. 'ஃபீல்டு அசிஸ்டென்ட், தற்காலிகம்' என்று போட்டிருந்தது. குரங்கு என்று எங்கேயும் போடவில்லை. அதனால்தான் எங்கள் அப்பா அந்தக் காகிதத்தை எங்கள் ஊரான பெருநகர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

எழுபதுகளின் கடைசி அது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கைப் பாதியில் விட்டு, வீட்டில் சும்மா இருந்தேன். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். நான் சாப்பிட உட்கார்ந்தால் அண்ணி கரண்டியை வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருக்கும். இந்த வேலை போனால் மறுபடி அந்தக் கரண்டிச் சத்தத்துக்குத்தான் போக வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த அசட்டுத்தனத்தைப் படிக்கும்போது கொஞ்சம் இரக்கம் வரட்டும்.

ஆபீஸ் உத்திரமேரூரில் ஒரு வாடகை வீடு. எங்களுக்கு மேலதிகாரி டாக்டர் மாலதி, மெட்ராஸிலிருந்து வந்தவர். ஆராய்ச்சி டாக்டர்தான், ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இது ஊருக்குப் புரியச் சரியாக ஒரு மாதம் ஆனது. அதுவரை காலை ஏழு மணிக்கெல்லாம் வாசலில் இருமலும் காய்ச்சலுமாக நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவரும் பொறுமையாக, "நான் அந்த டாக்டர் இல்லம்மா" என்பார். "பரவால்லமா, ஒரு மாத்திரயாச்சும் குடு" என்பார்கள்.

முதல் நாள் என் கையில் ஒரு நோட்டும், ஒரு கைக்கடிகாரமும் கொடுத்து ஏரிக்கரைப் புளியமரத்தடியில் நிறுத்தினார்.

"அதோ, காது கிழிஞ்சிருக்கு பாருங்க, அதுதான் உங்களுக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் அது என்ன பண்ணுதுன்னு எழுதணும். சாப்பிடறதா, நடக்கறதா, உட்கார்ந்திருக்கா, பேன் பார்க்கறதா. சாப்பிட்டா என்ன, எவ்வளவுன்னு எழுதணும். கண்ணை எடுக்கவே கூடாது, சபாபதி."

கண்ணை எடுக்கவில்லை. மத்தியானம் நான் பொட்டலத்தைப் பிரித்தபோதும் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னைப் பார்த்தது. பிறகு இறங்கி வந்து, என் எலுமிச்சம்பழச் சாதத்தை இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டு மேலே போய் உட்கார்ந்து, நிதானமாக ஒவ்வொரு வாயாக இறக்கிச் சாப்பிட்டது. அதனுடைய குட்டி பக்கத்தில் வந்து வாயைப் பார்த்தது. பல்லைக் காட்டி விரட்டிவிட்டது.

சாயங்காலம் நோட்டைப் பார்த்த டாக்டர் கேட்டார்.

"எலுமிச்சை சாதம்னு போட்டிருக்கீங்க. எத்தனை கிராம்?"

"அது என் சாப்பாடு டாக்டர்."

"அது தெரியறது. எத்தனை கிராம்?"

மறுநாளிலிருந்து என் சாப்பாட்டையும் எடை போட்டுக்கொண்டு போனேன். டீக்கடையில் என்னை வைத்து ஒரு வாரம் பொழுது போனது. "படிச்ச புள்ள, கொரங்கு மேய்க்குது" என்றார்கள். அப்பாவிடம் யாராவது கேட்டால், "ஆராய்ச்சில கீறான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்.

2. ஜீப்பில் நடந்த பாடம்

நான் அந்தக் குரங்கை நாலு மாதம் பார்த்தேன். எவ்வளவு தின்றது, எவ்வளவு தூரம் நடந்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று டாக்டர் கூட்டிக் கழித்தார். வரவும் செலவும் கிட்டத்தட்ட ஒத்துப்போயின. டாக்டருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்று பயம். ஜீப் டிரைவர் எத்திராஜுக்கு அந்தப் பயம் கிடையாது.

"அம்மா, கொரங்கு இன்னா துன்னா நமக்கின்னாமா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். "அதுக்கு அடுப்பு கிடையாது எத்திராஜ். பச்சையா தின்னு, நாள் பூரா மென்னு, வயித்துக்குள்ளேயே அரைச்சாகணும். அதுலயே பாதி சக்தி போயிடும். நம்ம ஆளுங்க என்னிக்கோ நெருப்பு மூட்டினாங்க. மெல்லற வேலை, அரைக்கற வேலையெல்லாம் அடுப்புக்குப் போச்சு. குடல் சின்னதாச்சு. மிச்சமானதை மூளை எடுத்துண்டுது. நாம சும்மா படுத்திருக்கும்போதுகூட, செலவாகறதுல அஞ்சுல ஒரு பங்கு மூளைக்குத்தான்."

"அப்ப நம்ம சபாபதிக்கு அவ்ளோ சோறு தேவையில்லயேமா" என்றார் எத்திராஜ்.

டாக்டர் விடவில்லை. மூளை பெரிசானதில் ஒரு தொல்லையும் வந்தது என்றார். குரங்குக் குட்டி பால் மறந்தால் தானே பொறுக்கித் தின்றுகொள்ளும். மனிதக் குட்டிக்குப் பத்து வருஷத்துக்கு மேல் யாராவது போட வேண்டும். ஒரு தாயால் தனியாக முடியாத காரியம். நாலு பேர் கொண்டுவந்து போட்டதால்தான் மனித இனம் பிழைத்தது என்று ஆராய்ச்சியில் பெரியவர்கள் நினைக்கிறார்கள், அதனால் மனிதனுக்கு என்ன வரவு, என்ன செலவு என்று அளந்து பார்க்க வேண்டும் என்றார். அளப்பதற்கு நன்றாக உடம்பை வருத்தி உழைக்கிற ஆட்கள் வேண்டுமாம்.

"அப்ப ஆபீஸ்ல யாரும் தேறமாட்டாங்க" என்றார் எத்திராஜ். அப்படித்தான் நாங்கள் நடவு நடுகிற பெண்களிடம் போய்ச் சேர்ந்தோம்.

3. மூச்சுப் பை

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஏரிப் பாசனத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க் காலனியிலிருந்து நடவுக்கு வருகிற ஆறு பெண்கள். வேலைக்கான முறை இதுதான். சாப்பாட்டை எடை போட்டு வரவு. முதுகில் ஒரு ரப்பர் பையை மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, மூக்கில் ஒரு கிளிப்பைப் போட்டு, வேலை செய்யும்போது விடுகிற மூச்சையெல்லாம் பையில் பிடித்து, ஆபீசில் மெஷினில் அளந்தால் செலவு. வாரத்துக்கு ஒரு நாள் ஆளையும் எடை போடுவோம்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு முதுகில் மூட்டையோடு நடவு நட யார் வருவார்கள்? உயிரைப் பையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. ஐந்து பேர் பின்வாங்கினார்கள். கன்னியம்மா மட்டும் நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று குழந்தைகள். புருஷனுக்கு மரம் ஏறும்போது விழுந்து இடுப்பு போய்விட்டது, அதனால் வீட்டில் கன்னியம்மா ஒருத்தர் கூலிதான்.

"எம் மூச்ச புடிச்சினு போயி இன்னா பண்ணுவ நைனா?"

"அளப்போம்."

"அளந்துட்டு?"

"வெளியில விட்டுடுவோம்."

"அத்த நானே வுட்டுடுவேனே. அதுக்கா மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க?"

நடவுக்காரிகள் எல்லாரும் சிரித்ததில் பாதி பயம் போய்விட்டது. கன்னியம்மா பையை மாட்டிக்கொண்டார். அவர் மாட்டியதைப் பார்த்து அஞ்சலை மாட்டிக்கொண்டார். அஞ்சலை அவருடைய கூட்டாளி, எதிர் வீடு. குழந்தை கிடையாது, புருஷன் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர், வீட்டில் நொய்யரிசிக்குக் குறைவில்லை. அவ்வளவு இருந்தும் ஆள் ஈர்க்குச்சிதான். பிறகு மற்ற நாலு பேரும் வந்தார்கள்.

காலையில் சும்மா படுத்திருக்கும்போது ஒரு மூச்சு பிடிக்க வேண்டும். அதுதான் பெரும்பாடு. "விடிஞ்சப்பறம் சொம்மா படுத்துக்கினு கீறதா? ஒடம்புக்கு இன்னாமோன்னு நாலு பேரு வந்து கேப்பாங்க" என்பார் கன்னியம்மா. கட்டாயப்படுத்திப் படுக்க வைத்தால் இரண்டு நிமிஷத்தில் குழாயோடு தூங்கிவிடுவார். எழுப்பினால், "அளந்துக்கோ, அளந்துக்கோ" என்று திரும்பிப் படுப்பார்.

எடை போடுவதும் நான்தான். நடுப்பகலில் வரப்பில் தூக்குவாளிகளை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றையும் ஸ்பிரிங் பேலன்ஸில் மாட்டி எழுதுவேன். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் மறுபடி மாட்டி எழுதுவேன். கழித்தால் அவரவர் தின்றது. கடைசியில் படிவத்தில் ஒரு கேள்வி. அதை அச்சில் இருக்கிறபடியே வாசிக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. "தாங்கள் இன்று வேறு ஏதாவது உட்கொண்டீர்களா?"

முதல் நாள் இதைக் கேட்டுவிட்டு ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஊர்க்காரப் பையன் யாரும் காலனிப் பெண்களைத் 'தாங்கள்' என்று கூப்பிட்டதில்லை. நீங்கள் என்றுகூடக் கூப்பிட்டதில்லை. நானும்தான்.

"தாங்கள் ஒண்ணும் உட்கொள்ளல நைனா" என்றார் கன்னியம்மா. தினமும் அதே பதில். நானும் தினமும் 'இல்லை' என்று எழுதினேன்.

4. ஆள் செத்து மூன்று வாரம்

நாலாவது வார முடிவில் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜை மேல் இரண்டு ஷீட்.

"சபாபதி, இது கன்னியம்மா. மூச்சைப் பார்த்தா ஒரு நாளைக்கு இவ்ளோ உழைக்கறாங்க. சாப்பாட்டைப் பார்த்தா அதுல பாதிகூட இல்ல. இந்தக் கணக்குப்படி இவங்க செத்துப்போயி மூணு வாரம் ஆகணும்."

"காலைல பார்த்தேன் டாக்டர். நாத்துக் கட்டு தூக்கிக்கிட்டுப் போனாங்க."

"அதான் எனக்கும் கவலை. எடை ஒரு கிலோகூட இறங்கல. இது அஞ்சலை. இவங்க ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறாங்க. கணக்குப்படி இந்நேரம் வரப்பு தாங்காது. ஆனா அந்தம்மாவும் அப்படியே இருக்காங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திங்கட்கிழமை மெட்ராஸ்லேர்ந்து புரொபசர் வரார். ரெண்டே கேள்விதான் கேப்பார். மெஷினை யார் பார்க்கறா, சாப்பாட்டை யார் எழுதறா. மெஷினை நேத்து நானே செக் பண்ணிட்டேன். சரியா இருக்கு."

மீதியை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மெஷின் சரி என்றால் நான் தப்பு. வயலுக்கே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து எண்களைப் போட்டேன் என்று புரொபசர் நினைத்தால், நான் என்ன சாட்சி சொல்ல முடியும்? தற்காலிகம் என்பதற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

எனக்கு ரோஷமாகவும் இருந்தது. நான் ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை. வெயிலில் நின்று, கால் சேற்றில் புதைய, ஒவ்வொரு வாளியையும் நானே மாட்டி, முள் நிற்கிறவரை காத்திருந்து எழுதினேன். குரங்குக்கு அப்படியே எழுதினேன், சரியாக வந்தது. மனுஷிக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

வெளியே எத்திராஜ் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். சொன்னேன்.

"அட, இதுக்கா பேஜார் ஆவுற? பென்சில்ல எய்தினதுதானே. இந்தம்மாக்கு ரெண்டு கை ஏத்து. அந்தம்மாகிட்டேர்ந்து ரெண்டு கை எறக்கு. ரெண்டு பேரும் பொயச்சிக்குவாங்க, நீயும் பொயச்சிக்குவ."

"தப்பில்லயா அண்ணே?"

"யாரு வயித்துல அடிக்கிற? காயிதத்துல சோறு போடுற. புண்ணியம்."

5. அழிரப்பர்

அன்று மத்தியானம் நல்ல மழை. நடவு இல்லை. ஆபீசில் நான் மட்டும். ஒரு நாள் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அழிரப்பரால் அஞ்சலையின் எண்ணை அழித்துக் குறைத்தேன். குறைத்த அளவைக் கன்னியம்மாவுக்குக் கூட்டினேன். அழித்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. பொய் எழுதுவதில் எனக்கு அனுபவம் போதாது.

பிறகு கூட்டிப் பார்த்தேன். கன்னியம்மாவுக்கு வரவும் செலவும் ஒத்துப்போயின. அஞ்சலைக்கும் ஒத்துப்போயின. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இன்னொரு நாள் ஷீட்டை எடுத்து, அழிக்காமல் ஒரு தனித் தாளில் போட்டுப் பார்த்தேன். அதுவும் ஒத்துப்போனது. மூன்றாவதும் அப்படியே. நிஜத்தை எழுதினால் ஒருத்தி சாகிறாள், இன்னொருத்தி ஊதுகிறாள். பொய் எழுதினால் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். இப்படி ஒரு பொய் உலகத்தில் உண்டா என்று நினைத்தபோதுதான், இது பொய்யாக இருக்காதோ என்று மண்டையில் உறைத்தது. அங்கே வரப்பில் ஏதோ நடக்கிறது, நான் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? இங்கேதான் என் அசட்டுத்தனம் வருகிறது.

நாலு வாரமும் நான் வாளிகளை எடை போட்டதும், இருபது அடி தள்ளிப் போய், பனைமரத்தடியில் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். சாப்பிட்டு முடித்துக் குரல் கொடுத்தால் திரும்பி வருவேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. சாப்பிடுகிறவர்களைப் பார்க்கக் கூடாது, வயிற்று வலி வரும் என்று சின்ன வயதிலிருந்து தலையில் குட்டி வளர்த்திருந்தார்கள். குரங்குக்கு அந்த மரியாதை தேவைப்படவில்லை, அதனால் நாலு மாதம் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். மனிதர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அவர்கள் சாப்பிடுகிற நேரத்தில் மட்டும் ஒழுங்காகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன்.

மரியாதை என்று எழுதிவிட்டேன். பாதி காரணம் அதுதான். மீதிப் பாதி வேறு. கிட்டே உட்கார்ந்தால், "நீயும் ஒரு வாய் துன்னு நைனா" என்று யாராவது நீட்டிவிடுவார்கள். காலனிக்காரர் கைச் சாப்பாட்டை நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டி வரும். அந்தச் சங்கடம் வேண்டாம் என்றுதான் அந்த இருபது அடி. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

6. திரும்பிப் பார்த்தேன்

சனிக்கிழமை மழை விட்டது. வாளிகளை மாட்டி எழுதினேன். பனைமரத்தடிக்குப் போனேன். இந்த முறை அவர்கள் பக்கமாக முகத்தை வைத்து உட்கார்ந்தேன்.

ஆறு பேரும் வட்டமாகக் குந்தினார்கள். மூடிகளைத் திறந்தார்கள். அதற்கப்புறம் எந்த வாளி யாருடையது என்று பேச்சே இல்லை. அஞ்சலை தன் வாளியிலிருந்து நொய்ச்சோற்றை அள்ளி, பார்க்காமலேயே, கன்னியம்மாவின் கையில் வைத்தார். மறுபடி அள்ளினார், மறுபடி வைத்தார். பேச்சு வேறு எதைப் பற்றியோ நடந்துகொண்டிருந்தது. கன்னியம்மா தன் வாளியில் இருந்த கொஞ்சம் களியில் ஒரு கிள்ளு எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்தார். கருவாடு ஒரு பக்கமாகச் சுற்றி வந்தது, வெங்காயம் மறு பக்கமாக. எனக்குத் தலை சுற்றியது. இதை எந்த பேலன்ஸில் மாட்டுவது?

எழுந்து கிட்டே போனேன்.

"கன்னியம்மா, தினமும் இப்படித்தானா?"

"எப்பிடி?"

"அஞ்சலை சோத்தை நீங்க சாப்பிடறது."

"ஆமா. ஆக்குனத எல்லாம் கொயந்தைங்களுக்கும் அந்த மனுசனுக்கும் வெச்சிட்டு வரேன். அடியில கீறத எனக்கு எட்த்துக்குவேன். இவ ரெண்டாளுக்கா கொண்டாருவா. மூணு வருசமா அப்பிடித்தான்."

"வேற ஏதாவது சாப்பிட்டீங்களான்னு தினமும் கேட்டேனே. இல்லைன்னீங்களே."

கன்னியம்மா அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலை கன்னியம்மாவைப் பார்த்தார். எனக்கு மெய்யாகவே புத்தி சரியில்லையோ என்று இரண்டு பேருக்கும் சந்தேகம்.

"இது எப்பிடி நைனா வேற ஆவும்?" என்றார் கன்னியம்மா. "நீ டீக்கட, பலகாரம்னு கேக்கறன்னு நெனச்சேன்."

"என் ஷீட்டுப்படி நீங்க செத்து மூணு வாரம் ஆச்சு" என்று சொல்லிவிட்டேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதனால் சிரித்தேன்.

"அப்ப நடவுக்கு வரது யாரு, எம் பேயா? பேய்க்கும் அதே கூலிதானா?" என்றார். சிரித்ததில் அஞ்சலைக்குப் புரை ஏறிவிட்டது.

7. திங்கட்கிழமை

புரொபசர் கையில்லாத பனியன் தெரிகிற மெல்லிய சட்டை போட்ட, குள்ளமான, நிதானமான மனிதர். இரண்டு ஷீட்டையும் பார்த்தார். டாக்டர் சொன்னபடியே கேட்டார்.

"சாப்பாட்டை யார் எழுதறது?"

"நான் சார்."

ஞாயிறு முழுக்க வீட்டில் ஒத்திகை பார்த்துவைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டது. முதுகைக் காட்டி உட்கார்ந்ததைச் சொன்னேன். வட்டத்தைச் சொன்னேன். ஒரு ஷீட்டில் அழித்து எழுதியதையும் சொல்லி, அந்த ஷீட்டை எடுத்துத் தனியாக வைத்தேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பொய்யினால்தான் நிஜம் கிடைத்தது என்பதால், ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல வழி தெரியவில்லை. அண்ணியின் கரண்டிச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

புரொபசர் அந்த ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நாலு வாரமும் வேஸ்ட்" என்றார். "இந்த நாலு வாரத்துல ஒரு எண்ணையும் எடுத்துக்க முடியாது."

"ஆமா சார்."

"மாலதி, இந்தப் படிவத்தை யார் போட்டது?"

"நான்தான் சார்" என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது.

"மனுஷன் பங்கு போட்டுத் தின்னுதான் மனுஷன் ஆனான்னு நீ பேப்பர் எழுதறே. படிவத்துல ஆளுக்கு ஒரு வாளி, ஆளுக்கு ஒரு ஷீட். யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு ஒரு கட்டம் இருக்கா? குரங்குக்குப் போட்ட படிவத்தை அப்படியே மனுஷிக்கும் போட்டிருக்கே. குரங்கு கொடுக்காது, அதனால அதுக்குச் சரியா வந்தது."

டாக்டர் மாலதி தலையை ஆட்டிக்கொண்டே சிரித்துவிட்டார். என்னைக் காப்பாற்றியது அந்தச் சிரிப்புதான் என்று இப்போதும் நினைக்கிறேன். தப்பு இரண்டு பேருக்கும் பாதிப் பாதி ஆகிவிட்டது.

"இந்தப் பையன் இருக்கட்டும்" என்றார் புரொபசர். "ஆனா பனைமரத்தடி வேண்டாம். வட்டத்துல உக்காந்து எழுதட்டும்."

இப்போது சர்வே வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, அனுபவத்தில் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டு வராதீர்கள். ஜனங்கள் பொய் சொல்கிறார்கள் என்று வந்து என்னிடம் புலம்பாதீர்கள். அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும், நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை முதலில் பாருங்கள். இருபத்தெட்டு வருஷம் இந்த வேலையில் இருந்தேன், வேறு பெரிசாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் புதுப் படிவத்தோடு போனேன். டாக்டர் கையால் கோடு போட்டு இரண்டு கட்டம் சேர்த்திருந்தார். 'யாரிடமிருந்து', 'யாருக்கு'. ஆறு பேருக்கும் நடுவில் ஏழாவதாகக் குந்தினேன். கன்னியம்மாவின் கை தன் வாளிக்குள் போய், களியை எடுத்துவிட்டு, நடுவில் நின்றது.

"நீ துன்னமாட்ட இல்ல?" என்றார். கோபமாக இல்லை. தெரிந்த விஷயத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

கையை நீட்டினேன். கேழ்வரகுக் களி, மேலே ஒரு துண்டு கருவாடு. சாப்பிட்டேன். வீட்டில் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. அதற்கு இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

"ஏன் நைனா, அத்தினி நாளும் மொதுக காட்டினு குந்தினு இருந்த?"

"சாப்பிடறவங்களைப் பார்க்கக் கூடாதுன்னு எங்க வீட்ல சொல்வாங்க."

"பாக்கக் கூடாதுதான்" என்றார் கன்னியம்மா. "கூட குந்தி துன்னா பாக்கறதுக்கு இன்னா கீது?"

சாயங்காலம் ஆபீசில் ஏழு ஷீட் போட்டேன். எனக்கும் ஒன்று. 'யாரிடமிருந்து' என்ற கட்டத்தில் கன்னியம்மா என்று எழுதினேன். என் ஷீட்டைப் பார்க்கும் முன் டாக்டர் அந்த ஆறு பேருடையதையும் கூட்டிப் பார்த்தார். ஐந்து பேருக்கு வரவும் செலவும் ஒத்துப்போயின. கன்னியம்மாவுக்கு மட்டும் அன்றைக்கும் ஒரு கை களி குறைந்தது.

"இது எங்க போச்சு?" என்றார்.

"என்கிட்ட இருக்கு டாக்டர்" என்றேன்.